அரசலாறு மெல்லிசையின் ஒரே சொந்தப் பாட்டு

இந்த ஊர்ப் பேருந்துகளில் பாட்டுப் போடுவதில்லை. பிரான்சுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, பாலாடைக்கட்டியின் வாடைகூடப் பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. நாற்பது பேர் ஏறுகிறார்கள். நாற்பது பேரும் காதில் எதையோ செருகிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். ஓட்டுநர் வண்டியை மட்டும் ஓட்டுகிறார், பாவம். நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால் வரும் தனியார் பேருந்தில் ஓட்டுநர்தான் இசை இயக்குநர். அவருக்குக் காதல் தோல்வி என்றால் அத்தனை பயணிகளும் அழுதுகொண்டேதான் இறங்க வேண்டும். அடுத்தவருக்குப் பிடித்த பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும் பயிற்சி நமக்குச் சிறு வயதிலேயே கிடைத்துவிடுகிறது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. இதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் வேலை பார்ப்பது பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும் கூடத்தில். என் மனைவி சொல்தா வீட்டுப் பெண், பிறவியிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கிய புண்ணியத்தில் எனக்குக் கேரட் சீவும் பாக்கியம் கிடைத்தது. பதினோரு மணிக்கு எங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை. என் மேசையில் எப்போதும் இரண்டு பேர்: பாத்திரம் கழுவும் ழெரோம், சாலட் நறுக்கும் சான்ட்ரீன். இருவரும் சேர்ந்து ஒரு ‘க்ரூப்’ வைத்திருக்கிறார்கள். இசைக்குழுவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ழெரோம் கிட்டார் வாசித்துப் பாடுவான், சான்ட்ரீன் சாக்ஸபோன். கிட்டாரை ஓரம் கட்டிய அன்றே இசை செத்துவிட்டது என்பது ழெரோமின் கட்சி. இல்லை, கணினியில் தாளம் தட்ட ஆரம்பித்த அன்றுதான் செத்தது என்பாள் சான்ட்ரீன். பக்கத்து மேசையில் இளசுகள் ராப் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் இருவரும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல அவர்களைப் பார்ப்பார்கள்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ‘அரசலாறு ரசிகர்கள்’ என்று போனில் ஒரு குழு இருக்கிறது. காரைக்கால், துபாய், பாரிஸ் என்று சிதறிக் கிடக்கும் முப்பது தலைகள். கேசட் போனதும் இசை போச்சு என்று ஒருவர் எழுதுவார். தபேலாவை நிறுத்திவிட்டு ரிதம் பேடு தட்ட ஆரம்பித்தபோதே போச்சு என்று இன்னொருவர் மறுப்பார். கல்யாண மண்டபங்களில் டிஜே வந்தது, பாடகர்கள் ‘டிராக்’ போட்டு அதன் மேல் பாடுவது, ஒரு பாட்டில் பதினைந்து வினாடியை மட்டும் வெட்டி ரீல்ஸ் ஆடுவது என்று சாவுக்கான காரணங்கள் நீண்டுகொண்டே போகும். நான் இரண்டு தேசத்திலும் கவனித்துவிட்டேன். யாருக்கு எந்த வருடம் கல்யாணம் ஆனதோ, அந்த வருடமே அவருக்கு இசை செத்துவிடுகிறது.

அரசலாறு மெல்லிசைக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடங்களுக்கு முன் காரைக்காலைச் சுற்றி அவர்கள் இல்லாமல் கல்யாண வரவேற்பு கிடையாது. அவர்களுக்கு எதிரி சில்வர் வேவ்ஸ். நாங்கள் அரசலாறு கட்சி. எங்கள் பாடகன் நஜீர் என் வகுப்புத் தோழன். சினிமாப் பாட்டை அச்சு அசலாகப் பாடுவதுதான் போட்டியே. கேசட்டில் பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ, அங்கே நஜீரும் மூச்சு வாங்குவான். சில்வர் வேவ்ஸ்காரர் ஒருமுறை வேறு இடத்தில் மூச்சு வாங்கிவிட்டார் என்று நாங்கள் ஒரு மாதம் பேசினோம். பிடித்த பாட்டைக் கேட்க ஒரு வழக்கம் உண்டு. துண்டுச் சீட்டில் பாட்டையும் நம் பெயரையும் எழுதி மேடைக்கு அனுப்பினால், அறிவிப்பாளர் இரண்டையும் மைக்கில் வாசிப்பார். பாட்டைவிட, மைக்கில் நம் பெயர் வருவதுதான் சுகம்.

இந்த வழக்கத்தை நான் விசா வாங்காமலே பிரான்சுக்குள் கொண்டுவந்துவிட்டேன். போன குளிர்காலத்தில் ழெரோம் தன் நிகழ்ச்சிக்கு என்னை அழைத்தான். இத்தனை வருடத்தில் என்னை எங்காவது அழைத்த முதல் வெள்ளைக்காரன் அவன்தான் என்பதால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். ஒரு காப்பிக்கடையின் பின்கட்டு, இருபது பேர். நான்கு பாட்டு முடிந்தது, ஒன்றும் எனக்குத் தெரிந்ததாக இல்லை. சரி, பையனுக்கு உதவுவோம் என்று, உலகமே அறிந்த ஒரு ஆங்கிலப் பாட்டின் பெயரை எழுதி, ‘அச்சு அசலாகப் பாடவும்’ என்று பிரெஞ்சில் சேர்த்து, ‘செந்தில், காரைக்கால்’ என்று கையெழுத்தும் போட்டு அவன் காலடியில் வைத்தேன். ழெரோம் குனிந்து எடுத்துப் படித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் என் மேசைக்கு வரவில்லை.

நான்காம் நாள் வந்தான். “என் பாட்டு பிடிக்கவில்லை என்றால் எழுந்து போயிருக்கலாமே” என்றான். நான் எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அது மரியாதை என்றேன். அவனுக்குக் கோபம் குறைந்து ஆர்வம் வந்துவிட்டது.

“உங்கள் அரசலாறு எத்தனை சொந்தப் பாட்டு போட்டிருக்கிறது?”

“சொந்தப் பாட்டா?”

“மூன்று மணி நேரம் பாடுவார்கள் என்றாயே, அவர்களுடையது எத்தனை?”

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஆற்றில் ஓடுவது யாருடைய தண்ணீர் என்று கேட்பது போல இருந்தது. “அப்படியானால் காசு போட்டால் பாடும் பெட்டிதானே அது?” என்றாள் சான்ட்ரீன், முள்கரண்டியால் கீரையைக் கிளறிக்கொண்டே. இருபது வருட ரசிகனுக்கு ரோஷம் வராதா? “ஒன்று இருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அது என்ன பாட்டு என்பது எனக்கே ஞாபகம் வந்தது.

காரைக்காலை அடுத்த நெரவியில் ஒரு கல்யாண வரவேற்பு. கச்சேரி நடுவில் நஜீர் மைக்கைப் பிடித்து, “அடுத்தது நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பாட்டுங்க” என்றான். மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு மானம் போனது. பின்னால் சில்வர் வேவ்ஸ் கட்சிக்காரர்கள் வேறு உட்கார்ந்திருந்தார்கள். நஜீர் பாட ஆரம்பித்தான்:

வாடகை சைக்கிள் எடுத்து வந்தேன்
வாசலில் நீ இல்லையே
மணி ஆகுது, மணி ஆகுது
மனசு திரும்பலையே

நான் அவசரமாகச் சீட்டு எழுதி அனுப்பினேன்: ‘சொந்தக் கதை வேண்டாம். பாட்டைப் பாடவும்.’ அறிவிப்பாளர் பழக்க தோஷத்தில் அதை என் பெயரோடு மைக்கில் வாசித்துவிட்டார். மண்டபமே சிரித்தது. சிரிப்பு தந்த தெம்பில், ‘திரும்பலையே’ முடிந்த இடத்தில் நான் ஒரு ஊளை விட்டேன், தெருநாய் சங்கொலி கேட்டுப் போடுவது போல, மேலே ஏறிக் கீழே வளைந்து இறங்கும் ஊளை. எங்கள் கூட்டம் பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நஜீர் நிறுத்திவிட்டு ஒரு சினிமாப் பாட்டுக்குப் போனான். அதன் பிறகு ஆறு மாதம், அவன் டீக்கடைக்கு வந்தாலே அந்த நான்கு வரியும் ஊளையும்தான். அவனும் சிரிப்பான். சிரிக்கிறானே, அவனுக்கு வலிக்கவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். சொந்தப் பாட்டு என்று அவன் மறுபடி வாயைத் திறக்கவே இல்லை.

அந்த நான்கு வரியைத்தான் சமையற்கூட மேசையில் பாடிக் காட்டினேன். பழகிய வாய், கடைசியில் ஊளையையும் தானாகவே போட்டுவிட்டது. ழெரோம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். “இன்னொரு முறை” என்றான். சான்ட்ரீன் ஊளையை மெதுவாகத் தானும் பாடிப் பார்த்தாள். கோடை தொடங்கும் நாளில் இங்கே தெருவுக்குத் தெரு பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். அன்றைக்கு இதை வாசிக்க வேண்டும், மீதிப் பாட்டையும் வாங்கிக் கொடு என்றார்கள்.

நஜீர் இப்போது காரைக்காலில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான், டிஜேக்காரர்களுக்கு ஸ்பீக்கர் கட்டிக் கொடுப்பது. போன் போட்டேன்.

“மாப்ள, அந்த வாடகை சைக்கிள் பாட்டு மீதி வரியெல்லாம் வேணும்டா.”

“எந்தப் பாட்டு?”

“நெரவி கல்யாணத்துல பாடுனியே.”

“அதுவா? எனக்கு ஞாபகம் இல்லடா.”

“வெளையாடாத. நீ எழுதுனதுதானே?”

“எழுதுனது நாந்தான். ஆனா எப்ப நெனச்சாலும் ஒன் கொரல்லதான் காதுல வருது. நீ ஊள விடுறதோட. அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் வரலடா, அல்லா சத்தியமா.”

மன்னிச்சுக்கடா என்றேன். “இருவது வருசம் கழிச்சு பிரான்ஸ்லேர்ந்து சொல்றியாக்கும், போடா” என்று சிரித்தான். அதே டீக்கடைச் சிரிப்பு. இந்த முறை எனக்கு அது கேட்டது. இருக்கிற நான்கு வரியையே வாசிக்கப் போகிறார்கள், வீடியோவில் காட்டுகிறேன் என்றேன். “காட்டு, பாப்போம்” என்றான். எத்தனை மணிக்கு என்று அவனே இரண்டு தரம் கேட்டுக்கொண்டான்.

அந்த நாள் வந்தது. மாலை நான்கு மணி, நல்ல வெயில், காய்கறிக்கடை வாசலில் ழெரோமின் க்ரூப். நூறு பேர் இருப்பார்கள். போனில் நஜீர் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, தலை படிய வாரியிருந்தான். ழெரோம் மைக்கில் “நஜீர், காரைக்கால்” என்று சொன்னபோது அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பாட்டு மெதுவாகப் போனது. ழெரோமின் வாயில் தமிழ் படாத பாடு பட்டது, ஆனாலும் அது சோகமான, அழகான பாட்டு. அன்று மண்டபத்தில் நான் கேட்கவே விடாத பாட்டு. ‘திரும்பலையே’ வந்ததும் சான்ட்ரீன் சாக்ஸபோனை உயர்த்தி என் ஊளையை வாசித்தாள். கூட்டம் மெய்மறந்துபோனது.

“நல்லா இருக்குடா” என்றான் நஜீர் போனில். “ஆனா அந்த ஊள மட்டும் வேணாம்னு சொல்லேன். அது பாட்டுல இல்லடா.”

ஓடிப்போய் ழெரோமிடம் சொன்னேன். அது பாட்டில் இல்லை, அது நான் செய்த கேலி என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டினான். “அதுதானே பாட்டே! அப்படியானால் நீயும் இசையமைப்பாளன்” என்று சொல்லி, மைக்கில் என் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். ‘செந்தில், காரைக்கால்.’ ஜனங்கள் கை தட்டினார்கள். மேடைக்கு வரச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தான். இன்னொரு முறை வேண்டும் என்று கூட்டம் கேட்க, பாட்டு மறுபடி ஆரம்பித்தது. இப்போது எல்லாருக்கும் அந்த இடம் தெரியும். கிழவர்கள், குழந்தைகள், காய்கறிக்கடைக்காரன், தெருவே சேர்ந்து ஊளையிட்டது.

ஒரு கை ழெரோமின் பிடியில் இருந்தது. இன்னொரு கையின் கட்டைவிரலால் போனின் வாயை இறுக்கப் பொத்தினேன்.

“படம் வருது, சத்தம் வரலியேடா” என்றான் நஜீர். லைன் சரியில்லை என்று அவனுக்குத் தலையை ஆட்டிக் காட்டிவிட்டு, ஊளை அடங்கும் வரை விரலை எடுக்காமல் நின்றேன்.