வாசலுக்கு எதிரே நின்றவர்

போன வருடம், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் நடந்தது இது. சனிக்கிழமைகளில் என் மகனைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போவேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பள்ளி வாசலில் கைபேசியை உயர்த்தியபடி ஒருவர். "இவர் பிள்ளைகளைப் படம் எடுக்கிறார், கவனம்" என்று கீழே எழுதியிருந்தது. யார் எழுதியது, உண்மையா என்று நான் யோசிக்கவில்லை. பதறிப்போய் வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அதே ஆளைக் கண்டேன். தெருவின் மறுபக்கம், பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடிக்குப் பின்னால், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பஸ்கள் வந்து போயின, அவர் ஏறவில்லை. மகனை உள்ளே விட்டுவிட்டு, மறைவாக நின்று அவரைப் படம் எடுத்தேன். குழுவில் போடுவதற்கு முன், துணிந்து தெருவைக் கடந்தேன்.

"அண்ணை, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"மகளை, அக்கா. உள்ளுக்க படிக்கிறா."

"அப்ப ஏன் போன கிழமை படம் எடுத்தனீங்கள்?"

அவர் முகம் சுருங்கியது. "கதவில ஒட்டியிருந்த அறிவித்தலை எடுத்தனான். நான் வந்து கொஞ்ச நாள்தான், டொச் பாஷை வாசிக்கத் தெரியாது. போன்தான் தமிழில மாத்தித் தரும். அந்தப் படம் மகளின்ர போனுக்கும் வந்திட்டுது. வாசலில நிக்காதேங்கோ அப்பா எண்டு அழுதவ. அதுதான் இஞ்சால தள்ளி நிக்கிறன்."

அவர் ஒளிந்து நின்றதற்கே நான்தான் ஒரு காரணம் என்று அப்போதுதான் விளங்கியது.

"நானும் அதை மூண்டு இடத்துக்கு அனுப்பினனான் அண்ணை," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "இதை மகளிட்டச் சொல்லுவியளோ?" என்று மட்டும் கேட்டார்.

இடைவேளையில் போய்ச் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், "அனுப்ப முதல் ஆரெண்டு கேட்டிருக்கலாமே அன்ரி?" என்றாள்.

கைபேசியில் நான் எடுத்திருந்த படத்தை அழித்தேன். எல்லாக் குழுக்களிலும் என் தவறை எழுதினேன். படத்தை வேகமாகப் பரப்பியவர்களில் பலர் என் செய்தியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து, பேர்லினில் இருக்கும் என் மச்சாள் அதே பள்ளி வாசல் படத்தை எனக்கு அனுப்பி, "கவனம்" என்று எழுதியிருந்தாள்.

இன்றும் அப்படி ஏதாவது வந்தால் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது; ஆனால் படத்தில் இருப்பவரைச் சந்தேகிக்கும் முன், அதை அனுப்பத் துடிக்கும் என்னைச் சந்தேகிக்கிறேன்.