மேகத்துக்கு ஒரு கறுப்புப் பொத்தான்

இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டாலே குரல் உள்ளே போய்விடும். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பால்வெட்டும் கத்தி பிடித்த கையால் பேனா பிடிப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவதும் பெரிய விஷயமில்லை. காகிதத்தில் கட்டம் போட்டு நான் உண்டாக்கிய ஒரு விளையாட்டையும், அது என் கையை விட்டுப் போன ஒரு மழைப் பொழுதையும் பற்றித்தான்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ரப்பரும் கொஞ்சம் தேயிலையும் உள்ள தோட்டத்துக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி வந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் ரப்பர் மலையில்தான் வேலை.

ரப்பரில் ஒரு விஷயம் உண்டு. விடியற்காலை மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருக்கும்போது கத்தி வைத்தால் பால் வெட்டிய கோட்டு வழியே மரத்தில் கட்டிய சிரட்டைக்கு இறங்காது. மரத்தைச் சுற்றிப் பரவி, வெள்ளையாக வழிந்து, மண்ணில் போய்ச் சேரும். அதனால் மரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். கங்காணி போய் ஒரு மரத்தில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் அந்தக் கையை அப்படியே தூக்கி எங்களுக்குக் காட்டுவார். நாங்கள் மறுபடி லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுவோம்.

அந்த நேரம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. வீட்டு வேலையைத் தொடங்கினால் கங்காணி கூப்பிட்டுவிடுவார் என்று ஒருவரும் எதையும் தொடங்க மாட்டார்கள். பனி கீழேயிருந்து ஏறி முதல் வரிசை மரங்களை விழுங்கும், பிறகு இரண்டாம் வரிசையை. சற்று நேரத்தில் திருப்பித் தந்துவிடும். மழை விட்ட பிறகும் இலைகளுக்குள் ஒரு மழை சொட்டிக்கொண்டே இருக்கும். நான் கண்ணைத் திறந்தபடியே பாதித் தூக்கத்தில் இருப்பேன். வரிசை தவறாமல் நிற்கும் அந்த மரங்கள் எனக்கு அப்போது கட்டங்களாகத் தெரியும். யாரோ ஒரு பெரிய கை வந்து எங்களை ஒவ்வொருவராக எடுத்து ஒவ்வொரு மரத்தடியில் வைப்பதுபோல் இருக்கும்.

என் கணவரின் தங்கை என் பக்கத்தில்தான் உட்காருவாள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். வாய் நிற்காது. அவளிடம் ஒரு லூடோ அட்டை இருந்தது. காய் பாதி தொலைந்து, பச்சை வீட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு மழைக் காலையில் அவள் அதைத் தூக்கி எறியப் போனபோது, "இரு புள்ள, நாம ஒண்ணு போடலாம்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

கடை முதலாளி கொடுத்த கலண்டரின் பழைய தாளைத் திருப்பி, கரித்துண்டால் வரைந்தேன். நடுவில் ரப்பர் மரங்கள். மூலையில் பால் நிறுக்கும் கொட்டகை. மேல் ஓரத்தில் ஒரு வரிசைக் கட்டம் வானம். அந்த வானத்தில் மேகமாக ஊர்ந்துவர, கணவரின் பழைய கோட்டிலிருந்து அறுத்த கறுப்புப் பொத்தான் ஒன்று. காய்களுக்கு ரப்பர் விதை. ஒரு மரத்து விதையின் புள்ளிக்கோலம் இன்னொரு மரத்து விதைக்கு வராது. ஆகவே ஆளுக்கொரு மரத்தின் விதை என்று வைத்தால் காய்கள் குழம்பாது.

ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை நாலு. எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம் நகரலாம். மரத்தில் போய் நின்றால் ஒரு சிரட்டை பால், அதற்கு ஒரு சோளமுத்து. நாலும் கறுப்பாக விழுந்தால் மேகம் ஒரு கட்டம் முன்னால் வரும். மேகம் வானத்தின் முடிவுக்கு வந்துவிட்டால் மழை. கையில் உள்ள பாலெல்லாம் போச்சு. கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது மட்டும் நிற்கும். இன்னும் ஒரு மரம் பார்க்கலாமா, இருப்பது போதுமென்று திரும்பலாமா? இவ்வளவுதான் ஆட்டம்.

முதல் நாளே அவள் அதைக் கெடுத்தாள். ஒரு சிரட்டை எடுப்பாள், கொட்டகைக்கு ஓடுவாள். மறுபடி ஒரு சிரட்டை, மறுபடி ஓட்டம். மூன்று ஆட்டமும் அவளே ஜெயித்தாள்.

"அண்ணி, இது ஆட்டமில்ல. சீனி வாங்கக் கடைக்குப் போயிட்டுப் போயிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"நீ ஏமாத்துற."

"நான் எங்க ஏமாத்துறேன்? நீங்கதான் கொட்டகைய அடுப்படி மாதிரி பக்கத்துல வச்சிருக்கீங்க."

அவள் சொன்னது சரி. அன்று முழுக்கப் பால் வாளியைத் தூக்கி நடக்கும்போது அதையே யோசித்தேன். உண்மையில் எங்கள் கொட்டகை பள்ளத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. காகிதத்திலும் அதைப் பள்ளத்துக்கு இறக்கினேன், நடுவில் ஒரு பாலம் போட்டேன். அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாகியது. மழைக் காலைகளில் மூன்று நாலு வருஷம் நாங்கள் அதைத்தான் ஆடினோம். கட்டம் கூட்டினேன், குறைத்தேன், பாலத்தை வழுக்க வைத்தேன். வெட்டும் மரத்தடியிலும், தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலும் எனக்குள் கட்டங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. அடுப்பில் சோறு அடிப்பிடித்ததற்கு எத்தனையோ தடவை அதுதான் காரணம். மற்றவர்களிடம் நான் அதைக் காட்டவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வராது.

பிறகு அவளுக்கு றக்வானப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. தேயிலைத் தோட்டம். நல்ல இடம், நல்ல பிள்ளை, அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் நாள் நெருங்க நெருங்க அவள் வாய் அடங்கிப்போனது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள்.

ஒரு காலை, மழை விடக் காத்து உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"அங்க யாரத் தெரியும் எனக்கு? மழ பேஞ்சா நான் யாரோட ஒக்காருவேன் அண்ணி?"

"இத எடுத்துட்டுப் போ."

"எடுத்துட்டுப் போயி? நீங்க இல்லாம யாரு வெளங்கப்படுத்துவா? அவங்க சிரிப்பாங்க."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் ஒரு புதுப் பலகை செய்தேன். இரண்டு கலண்டர் தாள்களைச் சோற்றுப்பசையால் ஒட்டி, லயத்துப் பிள்ளைகளின் கலர் பென்சிலால் மரங்களுக்குப் பச்சை தீட்டினேன். யாரிடமும் விளக்காமலே புரிய வேண்டும் என்று வழியெல்லாம் அம்புக்குறி போட்டேன். பார்த்தவுடன் ஒருத்தி வந்து இவள் பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

றக்வானவில் மழை அதிகம் என்றார்கள். லயக் கூரை எப்படியோ, ஒழுகினால் பலகை ஊறிவிடுமே என்று கவலை வந்தது. சிரட்டையடியில் மிஞ்சிய பாலைத் தொட்டு மேலே மெல்லியதாகப் பூசினேன். காய்ந்ததும் தேன் நிறத்தில் மினுங்கியது. விரலால் தண்ணீர் தெளித்தேன், முத்து முத்தாய் உருண்டது. நாலாக மடித்து, பொத்தானையும் காய்களையும் சேர்த்து அவள் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

எங்கள் மாரியம்மன் கோயிலில் கல்யாணம் முடிந்தது. சாப்பாடு முடியும்போது வானம் இருண்டு கொட்டத் தொடங்கியது. பாதையில் எங்கோ மண் சரிந்துவிட்டதாம், வேன் காலையில்தான் வரும் என்றார்கள். ஆண்கள் அடுத்த காம்பராவில், பக்கத்து அறையில், உட்கார்ந்தார்கள். எங்கள் காம்பராவில் கூறைச்சேலையோடு இவள், நான், மாப்பிள்ளையின் தங்கை. அந்தப் பெண்ணுக்கு நல்ல உயரம், பெரிய சிரிப்பு. இவளோ தலையைக் குனிந்தபடி தாலிக்கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னா மதினி, ஊமையா? எங்கண்ணன் ஏமாந்துட்டாரா?"

இவள் சட்டென்று எழுந்து பெட்டியைத் திறந்து பலகையை எடுத்தாள். காட்டத்தான் எடுத்தாள், ஆனால் விரிக்க முடியவில்லை. நாலு மடிப்பும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தது. இழுத்தாள். பச்சை மரங்கள் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து போயின, பாலம் இரண்டாகக் கிழிந்தது.

காய்ந்த பால் காய்ந்த பாலோடு ஒட்டும். தினமும் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்துகிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து உருண்டை பிடிக்கிறவள் நான். எனக்கா அது தெரியாது? அவளுடைய கூரையைப் பற்றி நினைத்த நான் என் கையில் இருந்ததை நினைக்கவில்லை.

றக்வானப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னா இது, ரொட்டியா?" என்றாள். பிறகு தொட்டுப் பார்த்து, "ரப்பர்காரங்க ஒரு பொருளக் குடுத்தா பிரிக்கவே ஏலாது போல" என்று சிரித்தாள்.

இவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, சுவரில் தொங்கிய கலண்டரில் போன மாதத்துத் தாளைக் கிழித்துத் தரையில் போட்டு வரையத் தொடங்கினேன். வரைய வரைய அந்தப் பெண் கேட்டாள், நானும் சொன்னேன். மரம், சிரட்டை, கொட்டகை, மேகம். புது ஆள் ஒருத்தியிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை.

"சரிக்கா. மழ வந்தா பால் ஏன் போவணும்?"

"மழயில வேல இல்லயே. ஒக்காந்துருவோம்."

"வேல இல்லயா!" அவள் கை கொட்டினாள். "குடுத்து வச்சவங்க. எங்க ஊர்ல மழ பேஞ்சா இடுப்புல படங்குத் துணியச் சுத்திக்கிட்டுப் போயி நிக்கணும். மழன்னாத்தான் கொழுந்து. வெயில்தான் எங்களுக்கு ஆவாது."

இவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப மழ நாள்ல ஒக்காரவே மாட்டீங்களா?"

"ஒக்காந்தா கங்காணி காதப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போவான்."

இவள் கையிலிருந்த கறுப்புப் பொத்தானைத் தரையில் வைத்தாள். நான் கரித்துண்டை நிறுத்திவிட்டேன். மழைக்காக உட்காராத ஊரில் மழைக்குப் பயப்படும் ஆட்டம் எதற்கு? அது போனால் இவளோடு போவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

றக்வானப் பெண் பொத்தானை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு வானத்தின் மறுகோடியில் வைத்தாள்.

"இந்த மேகம் நம்ம கூட்டாளி. இது கிட்ட வந்தா கொழுந்து ரெட்டிப்பு. சரியா மதினி?"

இவள் கட்டங்களின் பக்கம் குனிந்தாள். "அப்ப எதுக்குத்தான் பயப்படுறது? பயம் இல்லாட்டி ஆட்டம் இல்லயே."

"அட்டைக்கு! ஒங்க கால் வெள்ளையா இருக்கு, மொத நாளே கண்டுபிடிச்சு ரத்தம் குடிக்க வந்துரும். அப்புறம் தராசுக்காரருக்கு. கொழுந்து ஈரம் ஈரம்னு ரெண்டு கிலோ வெட்டுவாரு. அந்த மனுசனையும் ஒரு கட்டத்துல ஒக்கார வையுங்க."

"அட்டைய ஓரத்துல வைக்கக் கூடாது," என்றாள் இவள். குரல் பழையபடி ஆகியிருந்தது. "கொழுந்து நெறஞ்ச எடத்துல வைக்கணும். ஆசப்பட்டு உள்ள போறவங்களத்தான் கடிக்கணும்."

அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

"தராசு எங்க? இங்கயே வச்சிருவோமா?" என்று அந்தப் பெண் பக்கத்துக் கட்டத்தைக் காட்டினாள்.

"ஐயோ, கிட்ட வச்சா ஓடி ஓடி ஏமாத்தலாம். நானே ஏமாத்தியிருக்கேன். பள்ளத்துல வையுங்க, சொல்றேன்." இவள் கூறைச்சேலையை முழங்காலுக்குள் சுருட்டிக்கொண்டு, ஏன் என்று விளக்கத் தொடங்கினாள். முதலில் இருந்து, ஒன்றையும் விடாமல்.

நான் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். ஆவியும் புகையும் மழையும் ஒன்றாகி, அறை தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் வந்தது. கோப்பைகளோடு திரும்பியபோது என் மரங்களை அவர்கள் அழிக்கவில்லை, அவற்றின் மேலேயே தேயிலைச் செடிகளைப் போட்டிருந்தார்கள். தண்டு எனது, கிளை அவர்களுடையது. என்னை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பைகளைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன். கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் தூக்கமும் வந்தது, நல்ல தூக்கம்.

"எப்ப ஆடுறது இத?" என்று இவள் கேட்டது காதில் விழுந்தது.

"வேல விட்டு வந்து, நனஞ்சதெல்லாம் அடுப்புக்கு மேல காயப் போடுவோம்ல. காயுற வரைக்கும் ஆடலாம். ஒரு பொழுதுல காயாது மதினி, கவலப்படாதீங்க."

இருட்டும்வரை ஆடினார்கள். அந்தப் பெண் இரண்டு தடவை ஜெயித்தாள், இவள் ஒரு தடவை. சுருட்டி வைக்கும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, இதுக்கும் பால் பூசிராதீங்க."

அடுத்த நாள் காலை வேன் வந்தது. டிரைவர் சிங்களவர், "ஹரி, யமு", சரி போவோம் என்று அவசரப்படுத்தினார். இவள் அந்தத் தாளைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள், பொத்தானும் உள்ளே இருந்தது. அவர்கள் போன பிறகு கங்காணி மரத்தைத் தொட்டுப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். பட்டை காய நேரமாகிவிட்டதால் அன்று எனக்கு அரைநாள் வேலைதான் கிடைத்தது.