ஒரு கணினிக்கு நூறு இணைப்பு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையின் நெட்வொர்க் என் பொறுப்பு. இணையம் தினமும் திணறியது. பெரிய லைன் வேண்டும் என்று மேனேஜரிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். கவரைப்பேட்டையிலிருந்து வந்த சர்வீஸ்காரர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முதலில் ரவுட்டரைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு, எந்தக் கணினிக்கும் ஒரே நேரத்தில் நூறு இணைப்புக்கு மேல் கூடாது என்று ஒரே ஒரு விதி எழுதினார். இணையம் பறந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"யாருப்பா இவ்ளோ நாளா இழுத்துக்கினு இருந்தது?" என்றார் மேனேஜர்.

சர்வீஸ்காரரின் லேப்டாப் திரையில், விதி எழுதுமுன் எடுத்த பட்டியலில், ஆயிரக்கணக்கான இணைப்புகளோடு முதலில் நின்றது என் கணினி. ஒரே நேரத்தில் ஆயிரம் பேரிடமிருந்து துண்டு துண்டாக இழுக்கும் டொரண்டில் சினிமாப் படங்களை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும்தான் சார், கொஞ்சம் கொஞ்சமா," என்று சொல்லி, சர்வீஸ்காரர் என்னைப் பார்க்காமலே திரையை மூடினார்.

அந்த விதியை எழுத அடுத்த வாரமே கற்றுக்கொண்டேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் காட்டிக்கொடுத்திருப்பேன். வயிறு இன்னும் எரிவது அதற்குத்தான்.