மூத்தாள் விதைக்கும் வரை

மார்ச் மழை விழுந்த மூன்றாம் நாளே சியாயாவில் எங்கள் பக்கத்து நிலங்களில் எல்லாம் மக்காச்சோளம் ஊன்றியாகிவிட்டது. ரிஸ்பாவின் நிலம் மட்டும் உழுதபடி கிடந்தது. அவள் இரண்டாம் மனைவி. மூத்தாள் முதல் விதையைப் போடாமல் இளையாள் போடக்கூடாது, மீறினால் பிள்ளைகள் மெலிந்து சாவார்கள் என்பது எங்கள் லுவோ இனத்து வழக்கு. அவர்கள் கணவன் இறந்த பின்னும் அது மாறவில்லை. மூத்தாள் டோர்சிலாவோ கண் அறுவை சிகிச்சைக்காகக் கிசுமு நகரில் மகள் வீட்டில் இருந்தாள்.

பிந்தி ஊன்றிய சோளத்துக்கு என்ன ஆகும் என்று ரிஸ்பாவுக்குத் தெரியும். முந்திய வயல்களில் பெருகும் அந்துப்பூச்சி முட்டையிட இளங்குருத்தைத் தேடி வரும். போன வருஷம் அப்படித்தான் குதிர் பாதிகூட நிறையாமல், அவளுடைய மூன்று பிள்ளைகளும் வெறும் கிழங்கில் காலம் தள்ளினார்கள்.

வேலியோரம் நின்று போனில் பேசினாள்.

"அக்கா, ரெண்டு வாரமாச்சு. ஊரே ஊனிருச்சு."

"டாக்டர் குனியக்கூடாதுங்கிறார்டி."

"நீங்க குனிய வேணாம். குழி பறிச்சு வைக்கிறேன், விதையைப் போட்டுட்டுப் போங்க."

"கண்ணைக் கட்டிக்கிட்டு பஸ்ஸுல வரவா? உனக்கு உன் சோளம்தான் பெருசு."

"யாரும் பார்க்காதப்போ நாலு வரிசை போட்டுடு. யாருக்குத் தெரியும்?" என்றேன் நான், அவள் போனை வைத்ததும், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, எனக்குத் தெரியுமே," என்றாள்.

டோர்சிலா வந்தது இருபத்தாறாம் நாள். கறுப்புக் கண்ணாடியோடு, நிமிர்ந்தபடியே, தன் நிலத்துக் குழியில் ஒரு பிடி விதையை உதறினாள். அன்றே ரிஸ்பா தன் நிலம் முழுக்க ஊன்றினாள்.

சோளம் முழங்கால் உயரம் வந்தபோது குருத்துகளில் மரத்தூள் போல எச்சம். அந்துப்பூச்சி முட்டையிலிருந்து வந்த படைப்புழு. ரிஸ்பா சாம்பலும் மணலும் கலந்து குருத்துக்கு ஒரு சிட்டிகையாகப் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் டோர்சிலாவும் ஒரு தகரக் குவளையோடு வந்தாள்.

"எனக்குக் காத்திருக்காம விதையை நீயே போட்டிருக்கலாமேடி."

"போட்டிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன? ஒரு வரிசையை விட்டுட்டீங்க பாருங்க. கண்ணாடியைக் கழட்டுங்க முதல்ல."

விளைச்சலில் பாதிக்கு மேல் புழுவுக்குப் போய்விட்டது. ஊர் ரிஸ்பாவைப் பொறுமைசாலி என்கிறது. நான் அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுக்கத் தயங்குகிறேன்; பயத்துக்கும் அதே முகம்தான்.

செப்டம்பரில், இரண்டாம் போகம் விதைக்கும் நேரத்தில், டோர்சிலாவின் இன்னொரு கண்ணுக்கு நாள் குறித்தார்கள். அவள் போகவில்லை. "மழை வரட்டும், விதைச்சிட்டுப் போறேன்," என்றாள்.

அந்த மாதம் முழுக்க மழை வரவில்லை.