என் கையில் இருந்த அவள் கால்கள்

அன்பான சகோதர சகோதரிகளே, 1984 ஜூன் மாதம், அந்தோனியார் திருவிழாவின் கடைசி நாள், மாலை நான்கு மணி வாக்கில் நான் ஒரு மனிதரின் மண்டையை உடைத்தேன். சாட்சி சொல்ல வருகிறவர்கள் வழக்கமாகத் தங்களுக்கு நேர்ந்த துன்பத்தில் ஆரம்பிப்பார்கள். நான் பிறருக்குச் செய்த கொடுமையில் ஆரம்பிக்கிறேன். ஆண்டவர் செய்தது அதற்குப் பிறகுதான் வருகிறது.

கடத்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியன். அப்போது நாற்பத்தாறு வயது. நிறையப் படித்தவன், சாது என்று பெயர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது மாமியாரா மாட்டுவண்டியா என்று தெரியாது. அப்படிப்பட்டவன் சாதுவாக இல்லாமல் என்ன செய்வான்?

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து எங்களுக்குப் பிறந்தவள் செலின். பதினோராம் மாதத்தில் மூன்று நாள் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் கால்கள் இரண்டும் துணிபோலத் தொங்கின. இளம்பிள்ளை வாதம். மூன்று வயதில் இரண்டு கால்களுக்கும் இரும்புச் சட்டம் போட்டார்கள். தொடையிலும் முழங்காலிலும் தோல்வார், அடியில் கனத்த பூட்ஸ், எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அடித்தது. எங்கள் வீட்டில் அதற்கு 'இரும்பு' என்றே பெயர்.

ஐந்து வருடமாக ஒரே செபம்: அவளுக்குக் கால் கொடும். வெள்ளித் தகட்டில் இரண்டு குட்டிக் கால்கள் செய்து காணிக்கை போட்டோம். வாய் செபமாலை சொல்லும். உள்ளே வேறொருவன் உட்கார்ந்து, "நீர் கொடுத்த காலு இந்த அழகு" என்று முணுமுணுப்பான். அவனும் நான்தான்.

செலினுக்கோ காலைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு எதிலாவது ஏறிச் சுற்ற வேண்டும். ஒகேனக்கல் போனோம். பரிசல்காரர் இரும்பைப் பார்த்துவிட்டு, "தண்ணியில வுழுந்தா இது நேரா அடியில கொண்டுபோயிருமுங்க" என்றார். தருமபுரிப் பொருட்காட்சிக்குப் போனோம். பெரிய ராட்டினத்துக்காரர், "முட்டி மடங்காத புள்ளைக்குத் தொட்டியில எடம் பத்தாதுங்க" என்றார். வீடு வரும்வரை அவள் அழவில்லை. நான் பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் ஆறுதலாக ஜன்னல் சீட் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது எங்கள் கோவில் திருவிழாவுக்கு வரும் குதிரை ராட்டினம். நடுவில் ஒரு கம்பம், மேலே குடைபோல் கூரை, சுற்றிலும் தொங்கும் மரக்குதிரைகள். கையால் தள்ளுவது. அதன் சொந்தக்காரர் மாதையன், பென்னாகரத்துக்காரர். திருவிழாவின் கடைசி நாளன்று என் மகளைப் பார்த்ததும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தூக்கி வெள்ளைக் குதிரையில் வைத்தார். பூட்ஸ் இரண்டையும் குதிரையின் கால்மிதியில் சரியாகப் பொருத்தினார்.

"இரும்பு இருக்கறது நல்லதுங்க வாத்தியாரே. கம்பிமேல கம்பி. பாப்பா அசையாது."

அந்த நேரம் பார்த்து அந்தோனியார் தேர் அந்தத் தெருவுக்குள் திரும்பிவிட்டது. தேர் கடந்து போகும்வரை யாரும் காலில் எதுவும் போடக்கூடாது என்பது எங்கள் பங்குக் கோவிலில் வழக்கம். ராட்டினம் நின்றது, மற்றப் பிள்ளைகள் இறங்கிச் செருப்பைக் கழற்றினார்கள். ஜனங்கள் செருப்பை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள். குதிரைமேல் இருந்த என் மகளின் கறுப்பு பூட்ஸ் எல்லார் கண்ணுக்கும் நேராகத் தொங்கியது.

பக்கத்தில் ஒரு அம்மாள், "வாத்தியாரு வூட்டுப் புள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமாட்டம் இருக்குது" என்றாள்.

அவ்வளவுதான். வார்களை அவிழ்த்தேன். என் மனைவி லூர்து, "வேண்டாங்க, புடிமானம் இல்லாம நழுவிருவா" என்று கையைப் பிடித்தாள். நான் கேட்கவில்லை. இரண்டு இரும்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். செலின் இரண்டு கையாலும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாதையன் ஓடி வந்தார். "போட்டுவுடுங்க வாத்தியாரே! சாமிக்குத் தெரியாதா அவ காலு? சாமி குடுத்த காலு இந்த அழகு, இதுல பூட்ஸு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அது என் வசனம். ஐந்து வருடமாக நான் மட்டும் ரகசியமாகச் சொல்லிவந்தது. இன்னொருவர் வாயில், தேருக்கு முன்னால், சத்தமாகக் கேட்டதும் என் கை நீண்டுவிட்டது. அந்தக் கையில் இரும்பு இருந்தது.

தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவர் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவருடைய ஆட்கள் நான்கு பேர் கம்பியோடு பாய்ந்தார்கள். தேர்ப் பக்கமிருந்து ஒருவன், "வாத்தியார அடிக்கறானுங்கடா!" என்று கத்தினான். ரத்தம் யாருடையது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. எங்கள் பையன்கள் தேருக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகளோடு வந்து விழுந்தார்கள். ஒருவனுடைய பற்கள் என் சட்டைமேல் தெறித்தன. ஒருவனை முடியைப் பிடித்துக் கம்பத்தில் மோதினார்கள். காலைப் பூசையில் நற்கருணை வாங்கிய வாய்களிலிருந்து வந்த வார்த்தைகளைத் தமிழாசிரியனான நானே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடிக்கக் கட்டை போதவில்லை. ராட்டினக் கம்பத்தை நிமிர்த்திப் பிடித்த இழுப்புக் கயிறு கட்டிய முளையை ஒருவன் பிடுங்கினான். இன்னொருவனுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. மூன்றாவது முளை போனதும் கூரை முனகியது. கம்பம் சாய்ந்தது. குதிரைகள் ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்டு மொத்தமாகக் கீழே வந்தன.

"அப்பா!" என்று ஒரே ஒரு சத்தம்.

என்னை யாரோ உதைத்தார்கள். விழுந்தேன். கண்ணாடி போயிற்று. என் முதுகில் ஏறி ஓடினார்கள். லூர்து எந்தப் பக்கம் தள்ளப்பட்டாள் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் புழுதியும், அசையும் நிறங்களும்தான். அவளால் ஓட முடியாது. தவழக்கூட முடியாது. அவள் கால்கள் என் கையில் இருந்தன, ஒன்றில் ரத்தம் ஒட்டிக்கொண்டு.

நான் செபித்தேன். படித்த செபம் ஒன்றும் வரவில்லை. "கால் வேண்டாம். இனி கேட்கமாட்டேன். அவளைக் கொடு." மண்ணைக் கவ்விக்கொண்டு அதையே சொன்னேன். நாலு கால் பிராணிபோல ஊர்ந்தேன்.

கிழிந்த கூரைக்கு அடியில் சிவப்பாக ஒன்று கை கால் ஊன்றி மாடுபோல நின்றது. அதன் முதுகில் கட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, மாதையன். அவருடைய முதுகில் ஒரு மரக்குதிரையும், அதற்குமேல் எங்கள் பங்குப் பையன்களின் அடியும். அவருக்கு அடியில், கை கால்களுக்கு நடுவே, செலின்.

"அப்பா, இந்த மாமாவ அடிக்க வேணாம்னு சொல்லுப்பா," என்றாள். "எம்மேல ரத்தம் சொட்டுது."

நான் அவர் முதுகின்மேல் விழுந்தேன். "நான்தாண்டா அடிச்சேன்! நான்தான் மொதல்ல அடிச்சேன்!" ஓங்கிய கட்டை நிற்கவில்லை. என் தோள்பட்டை எலும்பில் இறங்கியது. அடித்தவன் என் பழைய மாணவன், குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, "ஐயையோ, வாத்தியாருங்களா!" என்று அலறினான். அந்த அலறலில்தான் சண்டை நின்றது.

செலினுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வேறொன்றுமில்லை.

தருமபுரி ஆஸ்பத்திரியில் எனக்கும் மாதையனுக்கும் அடுத்தடுத்த கட்டில். அவருக்குத் தலையில் பதினாலு தையல், விலாவில் இரண்டு எலும்பு முறிவு. போலீஸ்காரர் வந்தார். நான்தான் அடித்தேன் என்று சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "அடிபட்டதுல ஏதோ ஒளர்றாரு" என்றார். மாதையன், "ராட்டினம் சாஞ்சு தலையில பட்டுதுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

போலீஸ்காரர் போன பிறகு நான் அழுதுகொண்டே கேட்டேன். மைதான வேலிவரை ஓடிவிட்டார் என்று அவருடைய ஆட்கள் சொன்னார்களே, ஏன் திரும்பி வந்தார்?

"எங்காளுவ ஓடியாங்கண்ணான்னு கூப்புட்டாங்க. ஓடத்தான் பார்த்தேன். பாப்பாவால ஓட முடியாதுன்னு அங்க உங்கள வுட்டா எனக்கு ஒருத்தனுக்குத்தானுங்களே தெரியும்? உங்க கையில இரும்பு இருந்துச்சே." தலைத் தையலைத் தடவிக்கொண்டே, "நல்ல இரும்புங்க வாத்தியாரே. வளையவே இல்ல பாருங்க" என்றார். சிரித்தால் அவருக்கு விலா, எனக்குத் தோள் வலிக்கும் என்று இரண்டு பேரும் சிரிக்காமல் படுத்திருந்தோம்.

சகோதர சகோதரிகளே, ஐந்து வருடம் கேட்டது கிடைக்கவில்லை. ஒரு நிமிடம் கேட்டது கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது. அதுவும் நான் உடைத்த மண்டையைச் சுமந்தவரின் உருவில். அந்த மனிதரை வேலியோரத்திலிருந்து திருப்பி அனுப்பியது யார் என்று என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் அன்றோடு வாயை மூடினான்.

அடுத்த ஜூனில் மாதையன் வந்தார், நெற்றியில் என் கையெழுத்தோடு. வெள்ளைக் குதிரைக்குப் புதிதாக ஒரு காது வைத்திருந்தார். செலினைத் தூக்கி வைத்தார். தேர் திரும்பியது. எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்தார்கள். நான் அவள் பக்கத்தில் வெறுங்காலோடு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தெரு முழுக்கக் காலில் எதையாவது போட்டிருந்தவள் அவள் ஒருத்திதான். தேர் அவளுக்கு நேராக வந்தபோது பூட்ஸ் இரண்டையும் குதிரையின் விலாவில் டங் டங் என்று மோதிவிட்டு, அந்தோனியாருக்குக் கை காட்டினாள்.

அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அடுத்த திருவிழாவுக்குக் கூட்டி வாருங்கள். நம்பிக்கையோடு வாருங்கள். இரும்போடு வாருங்கள். வெள்ளைக் குதிரையில் இடம் கேட்டு நானே ஏற்றிவிடுகிறேன். என் கை அந்த இரும்பின்மேல் இருக்கும்வரை மாதையன் என் பக்கத்தில் நிற்கமாட்டார், அதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.