நர்ஸ் செலினாவுக்கு எடுத்துக் கொடுத்த மாயக் கதைகள்

1. ராஜா இல்லாத கதை

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இருந்த ஒரு வாடகை நூல்நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். ஒரே ஹால், பதினொரு அலமாரி, வாசலுக்கு நேரே கவுண்டர். முதலாளி சேஷாத்ரி ஐயர் முதல் நாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இங்கிலீஷ் நாவல்லாம் படிச்சிருக்கியோ?”

“படிச்சிருக்கேன் சார்.”

“அப்போ கவுண்டர்ல உக்காரு. கேக்கறவாளுக்கு நல்ல புஸ்தகமா எடுத்துக் குடு.”

நான் சொன்னது பொய். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். ஆங்கிலத்தில் மனு எழுதுவேன். ஆனால் பாடப் புத்தகத்துக்கு வெளியே ஓர் ஆங்கில நாவலைக்கூட முழுதாகப் படித்ததில்லை. யார் கேட்டாலும் அட்டையைப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்ல கதை” என்று ஸ்டாம்ப் போட்டுக் கொடுப்பேன். வருபவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் ஏழெட்டு மாதம் என் பொய் வெளியே வரவில்லை.

பிறகு ஒரு நாள் செலினா வந்தார். ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சியில் இருந்தார். வயது என்னைவிட ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். சாந்தோம் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா மீன் விற்பவர்.

“சார், எனக்கு இங்கிலீஷ் வரணும். கிறிஸ்மஸுக்கு முன்னே ஓரல் பரீட்சை கீது. அதுல ஒழுங்கா பேசலேன்னா வூட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேட்ரன் அம்மா சொல்லிட்டாங்க. கிராமர் புக்கைத் தொறந்தா ரெண்டு பக்கத்துல தூக்கம் வந்துடுது. பூதம், மந்திரம், பறக்குற குதிரை, அந்த மாதிரி கதை இங்கிலீஷ்ல கீதா?”

இருந்தது. கடைசி அலமாரி முழுக்க அதுதான். சீமைக்குத் திரும்பிப் போன துரைமார்களின் அடையாறு பங்களாக்களில் ஏலம் நடக்கும்போது ஐயர் புத்தகங்களை மொத்தமாக எடுப்பார். அவற்றோடு சேர்ந்து வந்தவை. “குழந்தைப் புஸ்தகம்” என்று ஐயர் அந்தப் பக்கமே போகமாட்டார்.

இருப்பதிலேயே பெரியதாக, தோல் பைண்டிங்கும் தங்க எழுத்துமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெரிய புத்தகம்தான் நல்ல புத்தகம் என்பது அப்போது என் எண்ணம்.

“கதை இன்னா சார்?”

“ஒரு ராஜா, ஒரு ராட்சசன். கடைசில ராஜா ஜெயிப்பார்.”

ஐந்தாம் நாள் செலினா திரும்பி வந்தார். புத்தகத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“சார், நீங்க இத்த படிச்சீங்களா?”

“ஏன் சிஸ்டர்?”

“இதுல ராஜாவே கெடயாது.”

நான் ரிஜிஸ்டரைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“அது போவட்டும் சார். நேத்து மேட்ரன் அம்மா களைப்பா உக்காந்துக்கினு இருந்தாங்க. இங்கிலீஷ்ல விசாரிக்கலாம்னு, இந்தப் புக்குல இருக்குற மாதிரி ‘ஆர்ட் தௌ வியரி?’ன்னு கேட்டேன். கிண்டல் பண்றேன்னு நெனச்சிட்டாங்க. ஒரு வாரத்துக்கு வார்டுல கால் வைக்கக் கூடாதாம். துணி தோய்க்கிற எடத்துல போட்டுட்டாங்க.”

அந்தப் பேச்சில் என்ன தப்பு என்று எனக்கும் தெரியவில்லை. ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அதெல்லாம் பூர்வகாலத்து இங்கிலீஷ்டா. கூத்து மேடையிலேர்ந்து எறங்கி வந்து ‘களைப்புற்றனையோ அம்மணி’ன்னு கேட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவுண்டருக்குத் திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன்.

“சிஸ்டர், நான் இதைப் படிக்கலை. அந்த அலமாரியில ஒண்ணுகூடப் படிச்சதில்லை. என்னாலதான் உங்களுக்குக் கஷ்டம்.”

செலினா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அந்தப் பெரிய புத்தகத்தை என் பக்கமாகத் தள்ளினார். பிறகு, “அப்ப இனிமே படிங்க சார். எனக்கு முன்னாடி படிச்சிப் பாத்துட்டுக் குடுங்க. தப்பான புக்கு படிக்க எனக்கு நாள் இல்ல” என்றார்.

2. மேகத்தில் ஓடிய கப்பல்

அப்போது தியாகராய நகரில் பாதி மனைகளில் வீடே எழும்பவில்லை. என் அறைக்கு எதிரே ஒரு காலி மனை. பொழுது விடிந்ததும் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதல் வாரம் நான்கு புத்தகங்களைத் தள்ளினேன். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்குவேன். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது அலமாரிக்கே திரும்பும். ‘தௌ’ கண்ணில் பட்டால் விரல் மடக்காமலே திரும்பும். இரண்டு பக்கத்துக்கு மலையையும் சூரியனையும் வர்ணித்தவற்றையும் விட்டுவிட்டேன். ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் கதையாகத் தேடினேன். வார்டில் செலினாவுக்கு வேண்டியது பேச்சுதானே.

ஐந்தாவதாகக் கிடைத்தது, மூலையெல்லாம் பூச்சி அரித்த ஒரு பச்சை அட்டைப் புத்தகம். மேகத்தின் மேல் ஒரு கப்பல் ஓடுகிறது. அதில் ஒரு கிழவன் காற்றை மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறான். எந்த மூட்டையை எப்போது அவிழ்க்க வேண்டும் என்பது அவனுக்கே மறந்துபோகிறது. முதல் பக்கத்தில் மூன்று விரல்தான் மடங்கியது. பத்தாம் பக்கத்துக்குப் பிறகு விரல் மடக்கவே மறந்துவிட்டேன். வெயில் முதுகில் சுட்டபோதுதான் மணி என்ன என்று பார்த்தேன்.

“ஏண்டா இவ்வளவு லேட்டு?” என்று ஐயர் கேட்டார்.

“கப்பல் இன்னும் கரை சேரலை சார்.”

ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஓர் ஆங்கில நாவலை வாழ்க்கையில் முதன்முதலாகப் பாதிவரை படித்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் அவர் திட்டியது எதுவும் காதில் விழவில்லை.

நான் படித்து முடித்துக் கொடுத்த அந்தப் புத்தகத்தை செலினா இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். வாசல்படி ஏறும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

“சார், அந்தக் கெழவன் கட்டசி மூட்டைய அவுக்குறான் பாருங்க…”

“இங்கிலீஷ்ல சொல்லுங்க சிஸ்டர்.”

“நீங்களும் இங்கிலீஷ்லதான் கேக்கணும்.”

அன்று தொடங்கியது அந்த ஏற்பாடு. இரண்டு பேர் ஆங்கிலமும் நொண்டும். வார்த்தை கிடைக்காத இடத்தில் செலினா கையால் கப்பல் ஓட்டிக் காட்டுவார். புத்தகம் மாற்ற வந்த வக்கீல்கள் கவுண்டருக்கு முன்னால் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் எங்கள் இலக்கணத்தைத் திருத்த வந்து, கதையில் மாட்டிக்கொண்டு, அந்தப் பச்சைப் புத்தகத்தைத் தன் பேரில் எழுதச் சொன்னார். அடுத்த வாரம் ஐயர் என் காதருகே வந்து, “அந்தக் கப்பல் புஸ்தகம் திரும்பி வந்தா எனக்கு எடுத்து வை” என்றார்.

டிசம்பருக்குள் பதின்மூன்று புத்தகங்கள் முடித்தோம். ஒன்றுதான் சறுக்கியது. பேசும் பிணங்கள் வரும் கதை. மறுநாளே செலினா அதைத் திருப்பிக் கொடுத்தார். “தெனமும் பொண அறை வழியாத்தான் சார் ட்யூட்டிக்குப் போறேன்” என்றார்.

3. ஓரல்

பரீட்சை நாளன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரே புத்தகத்துக்கு இரண்டு தடவை என்ட்ரி போட்டேன். நான்கு மணிக்கு செலினா வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“படுக்கை போடுறது, டெம்பரேச்சர் எடுக்குறதுன்னு மனப்பாடம் பண்ணிக்கினு போனேன் சார். பரீட்சை வைக்க வந்த டாக்டர் துரை அதெல்லாம் கேக்கவே இல்ல. நீ பாத்துக்கின ஒரு பேஷண்டப் பத்திச் சொல்லுன்னுட்டாரு. மனப்பாடம் பண்ணது ஒண்ணும் ஒதவல.”

“அப்புறம்?”

“கால் ஆபரேஷன் ஆன பெரியவர் ஒருத்தரு, எங்களுக்குத் தெரியாம எழுந்து நடந்துட்டாரு. அத்த சொல்ல ஆரம்பிச்சேன். கட்டு செவந்துச்சு, நான் ஓடினேன், ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சேன்னு சொல்லிக்கினே வந்து, மூச்சு வாங்க நிறுத்தினேன். டாக்டர் துரை நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டுக்கினு, ‘அண்ட் தென்?’னு கேட்டாரு.”

“மேட்ரன்?”

“ரெண்டு தப்பைத் திருத்தினாங்க. திருத்திட்டு பாஸ் போட்டுட்டாங்க.”

சந்தோஷத்தில், கையில் இருந்த ஸ்டாம்பை என் சட்டைக் கையிலேயே குத்திக்கொண்டேன். அலமாரிக்கு அந்தப்பக்கம் இருந்த ஐயர், “யாருக்குப் பாஸ்? நம்ம நர்ஸுக்கா?” என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

ஜனவரியில் செலினா தன்னோடு பயிற்சியில் இருந்த நான்கு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். நால்வரும் ஒரே குரலில் கப்பல் புத்தகத்தைக் கேட்டார்கள். இருந்தது ஒரே பிரதி. கடைசி அலமாரிக்கு அழைத்துப் போய், ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து, ஒரு பக்கம் மட்டும் படித்துப் பார்க்கச் சொன்னேன்.

முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். அன்று அலமாரிக்கு முன்னால் நின்று கற்றதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. மொழி கற்க வந்தவர்களுக்குப் பெரிய புத்தகம், சின்னப் புத்தகம், குழந்தைப் புத்தகம் என்று நான் பிறகு பார்த்ததே இல்லை. அந்த நால்வரில் ஒரு பெண் பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு வேறு புத்தகம் தேடினேன். மற்ற மூவரும் நான் சொன்னதை மறந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். அந்த மூன்றுக்கும் ஸ்டாம்ப் போட்டேன்.