அண்ணை இறங்கிய இடம்

இத்தாலிய எல்லைக்கு முன்னால் கடைசிப் பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்துகிறேன். அண்ணை இங்கே இறங்க வேண்டும். சுவிஸ் அவருக்குத் தந்திருக்கும் அகதி அட்டையோடு இந்த எல்லையைத் தாண்ட முடியாது. மொன்றியலில் இருந்து வந்த எங்களிடம் கனடியப் பாஸ்போட் இருக்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகு சந்தித்து, ஒரு கிழமையாக ஒரே வாடகைக் காரில் சுவிஸ் பக்கத்து அல்ப்ஸ் மலைகள் முழுக்கச் சுற்றினோம். மொன்றியலில் ஒரு சின்னக் குன்றை நாங்கள் மலை என்று சொல்வதைக் கேட்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தவர் அண்ணை.

"நானும் வந்து, பிடிச்சாங்கள் எண்டால் உங்கடை பயணமும் பழுதாப்போகும்" என்கிறார். புட்டுப் பார்சலை மகளின் மடியில் வைக்கிறார். அவரையும் வரச்சொல்லி அவள் பிரெஞ்சில் கெஞ்சுகிறாள். அவருக்குத் தெரிந்தது ஜெர்மன்தான். ஆனாலும் விளங்கியதுபோல் அவள் தலையைத் தடவுகிறார்.

பாலத்தில் நிற்கும் காவலரிடம் பாஸ்போட்டுகளை விரித்து நீட்டுகிறேன். அவர் வாங்கவேயில்லை. "போங்கள், போங்கள்" என்று இத்தாலிய மொழியில் சொல்லிக் கையை அசைக்கிறார். காருக்குள் எத்தனை பேர் என்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் மகளுக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கிறது.

வழிக்கென்று அண்ணை தந்த கைத்தொலைபேசி அடிக்கிறது.

"தாண்டிட்டியளோ? வடிவாப் பாத்தவங்களோ?"

"ஓம் அண்ணை. பாஸ்போட்டை ஒவ்வொண்டா வாங்கிப் பாத்தவங்கள். காருக்குள்ளையும் எட்டிப் பாத்தவங்கள்."

"பாத்தியே," என்கிறார் அண்ணை. "நான் இறங்கினது நல்லதாப் போச்சு."